கெடு யாருக்கு?

வெள்ளிக்கிழமை ராஜேஸ்வரி டீச்சருக்காகப் பத்திர ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவனியாபுரத்தில் மனை வாங்கியிருக்கிறார். என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த மனை கிடைத்திருக்காது!

விஷயம் இதுதான். மனைக்குப் பாக்கிப் பணம் கொடுக்க, தன்னிடமிருந்த மில் ஷேர்களை விற்க நினைத்தார் டீச்சர். அதே ஷேர் என்னிடமும் இருந்தது. அந்த வாரம் பார்த்து விலை மளமளவென்று சரிந்தது. இரண்டு பேரும் ஆரப்பாளையத்திலிருக்கும் ஷேர் ஏஜென்ட் ஜனார்த்தனனிடம் ஓடினோம்.

அவர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் பேசிவிட்டு, "இன்னும் இறங்கியிருக்கு" என்றார்.

"யோசிக்காதீங்க டீச்சர், வித்துருவோம்!" — இது நான்.

டீச்சர் ஏஜென்ட்டிடம் கேட்டார்: "என் தம்பி அந்த மில்லுலதாண்ணே இருக்கான். மூணு ஷிப்ட்டும் ஓடுது. பெறகு ஏன் இம்புட்டு எறங்குது?"

"மில்லுக்கு ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு செட்டில்மென்ட் நாள். விலை ஏறும்னு நம்பி, கையில காசில்லாம வாங்கிப் போட்டவங்க நாளைக்குள்ள பணம் கட்டணும். முடியாதவங்க எல்லாரும் ஒரே நேரத்துல விக்கிறாங்க..."

"அப்ப கெடு அவுகளுக்குத்தான? நான் எதுக்கு இன்னைக்கு விக்கணும்?"

"அடுத்த வாரம் ஏறும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா."

"வேணாம்ணே. நான் இருந்து பாக்குறேன்."

நான் இருந்து பார்க்கவில்லை. அங்கேயே விற்றேன்.

டீச்சர் நேராக மனைக்காரரிடம் போனார். பதிவைத் தள்ளிவைக்கச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "வேற ஆளு ரெடியா இருக்காரும்மா."

"அட்வான்ஸ் வாங்கி வாக்குக் கொடுத்திருக்கீக. மூணே வாரம்தான கேக்குறேன்?"

முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார்.

செட்டில்மென்ட் முடிந்தது. திங்கட்கிழமை விலை நிமிர்ந்தது. புதன்கிழமை, சரிவதற்கு முன்பிருந்த இடத்தையும் தாண்டியது. டீச்சர் அன்றைக்கு விற்றார். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன்: "எப்படி டீச்சர் அவ்வளவு தைரியம்?"

"தைரியமா? நாலு நாளு சோறே எறங்கலண்ணே!"

விலை இறங்கினால் 'எவ்வளவு?' என்றுதான் கேட்கிறோம். 'விற்பது யார், ஏன் இன்றைக்கு?' என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

கெடு வந்து விற்றவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அவனைப் பார்த்து விற்றவனுக்கு?... யோசித்துக்கொண்டிருக்கிறேன்!