சாய்ந்த சீட்

வெள்ளத்தில் மூழ்கிய காரைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். காடாம்புலியூர் முந்திரி வியாபாரி கதிர்வேல் கேட்கவில்லை.

"ஓட வெச்சுக் குடு, போதும்" என்று மஞ்சக்குப்பம் மெக்கானிக் இளவரசுவிடம் விட்டுவிட்டு வந்தார்.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி மாலதி நோயில் கிடந்தபோது புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போய்வந்தார்கள். உட்கார முடியாமல், முன்சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி வருவாள். அவள் இறந்த பிறகும் அவர் அதை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளையே வந்தாலும் பின்னால்தான் உட்கார வேண்டும். அதில் மாப்பிள்ளைக்கு வருத்தம்கூட உண்டு.

சில நாள் கழித்துக் கதிர்வேல் கடைக்குப் போனார். இளவரசு சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து, திரும்பப் பூட்டியிருந்தான்.

"முன்சீட் சாஞ்சே கெடந்துச்சு மாமா. துருப்புடிச்சிருந்துச்சு. எண்ணெ வுட்டு நிமித்திட்டேன். இனிமே எஞ்சின் வேலதான்."

கதிர்வேல் கதவைத் திறந்தார். சீட்டைச் சாய்த்தார். கொஞ்சம் நிமிர்த்தினார். மறுபடியும் சாய்த்தார். அவள் எவ்வளவு சாய்ந்து படுத்திருந்தாள் என்று அவருக்கு நினைவு வரவில்லை.

கதவை மெல்லச் சாத்தினார்.

"எஞ்சின்ல கை வெக்காதப்பா. காயலான் கடைக்குப் போட்டுடு."