நஸீர் நானா கடைத் தேத்தண்ணி

“வோட்டு மன்னாரில. வாய் மட்டும் இங்கயா, தங்கச்சி?”

கேட்டவர் நஸீர் நானா; எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். எங்கள் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். கேட்ட இடம், இரண்டு மாதத்துக்கு முன் நடந்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். அதற்கு முன் நான் எழும்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான் — எங்கள் ஒழுங்கைக்கு வடிகான் எப்போது?

ஒரு மழை போதும், எங்கள் ஒழுங்கை குளமாகிவிடும். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதைத்தான் சொன்னேன். அதற்குத்தான் நானா அப்படிக் கேட்டார். கூட்டம் சிரித்தது.

நான் யார்? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக சாதாரண தரப் பரீட்சை தாண்டியவள். முதல் பட்டதாரி. இப்போது பாடசாலையில் குடியியற் கல்வி படிப்பிக்கிறவள்! வாக்குரிமையைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்க மூச்சுவிடாமல் பேசுவேன். அன்றைக்கு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

ஏனென்றால், நானா சொன்னது உண்மை.

நான் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். வளர்ந்தது கற்பிட்டிக் கரையில். ஆனால் என் வோட்டு மன்னாரில். பதினெட்டு வயது ஆனவுடன் வாப்பா ஆசையோடு அங்கே பதிந்துவிட்டார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரை விட்டு வந்த வாப்பாவுக்கும் அதே பதினெட்டு வயதுதான். வள்ளத்தில் வந்து, ஒரு சாரமும் ஒரு பையுமாக இந்தக் கரையில் இறங்கியவர். அகதி முகாமில், தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு பக்கத்து மாம்புரித் தோட்டங்களில் கூலிக்கு நின்றார். இப்போது மரக்கறி ஏற்ற சொந்தமாக ஒரு சின்ன லொறி இருக்கிறது. வீட்டுக்கு டைல்ஸ் போட்டாயிற்று. எல்லாம் இங்கே வந்தது. வோட்டு மட்டும் வரவில்லை.

தேர்தல் என்றால் எங்களுக்கு பஸ் பயணம். விடியற்காலையிலேயே ஒழுங்கை முழுக்க ஏறிவிடும். சோற்றுப் பார்சல், வெற்றிலைப் பை, வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம்... சின்ன வயதில், தேர்தல் என்பது பெருநாளைப் போல ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

வோட்டுப் போட்டுவிட்டு வாப்பா என்ன செய்வார் தெரியுமா? மன்னார் பஜாருக்குப் போய்க் கருவாடு வாங்குவார். கற்பிட்டியில் இருக்கிற மனுசன்! வாசலில் இருந்து நான்கு எட்டு வைத்தால் கருவாடு காய்கிற இடம். “அது கருவாடு. இது எங்கட கருவாடு” என்பார். உம்மா வாங்கி வைப்பா. சிரிப்பது தெரியாமல் இருக்க முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வா.

போன மாதம் கிராம சேவகர், எங்கள் ஜீ.எஸ். ஐயா, வாக்காளர் படிவம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் படிவம் என்றால் அது என் இலாகா. நிரப்புகிறவள் நான். வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வாப்பா. அவர் போடாமல் ஒன்றும் நடக்காது.

“வாப்பா, இந்த முறை இங்க பதிவோமா?”

பிளேன்டீக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“அங்க பேர வெட்டினா... காணி?”

“மன்னார்க் காணிட உறுதி அலுமாரிக்குள்ள பத்திரமா இரிக்கி. வோட்டுக்கும் காணிக்கும் சம்பந்தமில்ல வாப்பா.”

“ஒனக்குத் தெரியாது மகள்.”

‘ஒனக்குத் தெரியாது’ — அங்கேதான் எனக்குச் சூடு ஏறியது. இத்தனை வருஷம் படித்தது இதைக் கேட்கவா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ஓம், எனக்குத் தெரியாதுதான். கூட்டத்தில எல்லாரும் சிரிக்கக்குள்ள நாந்தானே நிண்டன்? நீங்க இனியும் விருந்தாளி மாதிரியே இருந்துட்டுப் போங்க!”

வாப்பா கோபப்படவில்லை. கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“விருந்தாளி கிணறு வெட்டுவானா புள்ள? நஸீர்ட கடைத் தேத்தண்ணி எந்தத் தண்ணியெண்டு போய்க் கேளு.”

எழும்பி லொறியைக் கழுவப் போய்விட்டார்.

கேட்கத் தேவையில்லை. ஊருக்கே தெரிந்ததுதான். சந்திப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். அதனால் நானா தேத்தண்ணிக்குத் தண்ணீர் எடுப்பது ‘அகாதிக் கிணற்றில்’. முகாமில் இருந்தவர்கள் மண்வெட்டியோடு இறங்கி வெட்டிய கிணறு. அகதி என்ற சொல் ஊர் வாயில் அகாதியாகி, அப்படியே நிலைத்துவிட்டது. நானும் அந்தப் பெயரை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். வெட்டியவர்களில் ஒருவர் தினமும் எனக்கு எதிரே இருந்து சோறு சாப்பிடுகிறார் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

கிணறு மட்டுமா? பிள்ளைகள் படிக்கக் கிடுகுக் கொட்டில் போட்டவர்களும் அவர்கள்தான். நான் ‘அ’ எழுதியதே அந்தக் கொட்டில் இருந்த இடத்தில் பிறகு வந்த கட்டடத்தில்! மையித்து விழுந்தால் யார் குழி வெட்டுவது என்று முறை வைத்திருந்தார்கள். வோட்டும் இல்லை, சங்கமும் இல்லை, சங்க விதி சொல்லும் யாப்பும் இல்லை.

எங்கள் தலைமுறை? ஒழுங்கைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வெள்ளத்தின் படத்தைப் போட்டால் அழுகிற முகம் நாற்பது வரும். கட்டாரில் வேலைக்குப் போனவர்களிடம் இருந்துகூட வரும். மண்வெட்டி ஒன்றும் வராது. குடியியல் படிப்பிக்கிற நான் சங்கக் கூட்டத்துக்குப் போனது எத்தனை தரம்? ஒரே ஒரு தரம். ஒரு கேலியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர்களிடம் ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றாக நின்றார்கள். எங்களிடம் எல்லாம் இருக்கிறது, அதனால் தனித்தனியாக நிற்கிறோம் — இப்படி எழுதி முடித்துவிடலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. வாப்பா கிணறு வெட்டினார். ஆனால் கூட்டத்தில் எழும்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேசினேன், ஆனால் ஒரு பிடி மண் அள்ளியதில்லை. ஆளுக்குப் பாதிதான் செய்திருக்கிறோம்.

மறுநாள் காலை படிவம் மேசையில் இருந்தது. வாப்பாவின் கையெழுத்து, வழக்கம்போல கோட்டுக்கு வெளியே. ஆனால் பெயர்கள் எழுதும் இடம் வெறுமையாக.

“ஒன்ட பேர இங்க போடு. என்டது அங்கயே கிடக்கட்டும்.”

“ஏன் வாப்பா?”

“அப்ப கருவாடு ஆர் வாங்குற?”

சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அவருடைய முகத்தைப் பார்க்கப் போகவில்லை.

பிறகு சங்கத்தின் யாப்பை வாங்கி வாசித்தேன். அங்கத்தவராக இருக்க அந்த ஊரில் குடியிருந்தால் போதுமாம். வோட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! இதுவரை யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு ஆள் கேட்டார்கள். கூட்ட அறிக்கை எழுதுகிற வேலை என்பதால் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

“வோட்டு வந்துட்டா தங்கச்சி?” நஸீர் நானாதான்.

“படிவம் போயிருக்கு நானா. வாய் முந்தி வந்துட்டு.”

இந்த முறையும் கூட்டம் சிரித்தது. முதல் ஆளாகச் சிரித்தவரும், என் பெயரை வழிமொழிந்தவரும் அவரேதான்.

போன சனிக்கிழமை ஒழுங்கை முனையில் இருந்து வாப்பாவும் நானும் நாடா பிடித்து வடிகானுக்கு அளவு எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து நஸீர் நானாவுடையது. அகாதிக் கிணற்றுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை கடிதத்தைப் பிரதேச சபையில் கொடுத்துவிட்டேன். என் பிரதியில் முத்திரையும் குத்தி வாங்கியாயிற்று.