குங்குமம் வைத்த மூசை

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் கரிய கிண்ணம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பூந்தொட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள். விரல் கறுத்ததும் சட்டென்று வைத்துவிட்டு என்னைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பார்கள். அது தங்கம் உருக்கிய மூசை, கிராஃபைட்டால் ஆனது. ஓசூர் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்ற விழாவுக்கு வந்து லேப் மேடம் கொடுத்தது. அன்று நிர்வாகம் போர்த்திய சால்வை இப்போது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

லேப் மேடம் அங்கே ஆய்வகத்தில் என்னுடன் வேலை பார்த்தவர். தொழிற்சாலைக்கான செயல்முறைகளை நான் எழுதினேன். அவர் அவற்றைப் படித்தார். இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் அவர் ஒருவர்தான். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, சூளகிரியில் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் சின்ன ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். மின்னணு நிறுவனங்கள் கழித்துப்போடும் இணைப்பு ஊசிகளின் மேலிருக்கும் தங்க முலாமைப் பிரித்தெடுத்து, கட்டியாக்கித் திருப்பித் தரும் தொழில். அமிலத்தில் கரைத்து, படியவைத்து, கழுவிக் காயவைத்தால் தங்கம் பொடியாகத்தான் கிடைக்கும். மினுமினுப்பு கொஞ்சமும் இருக்காது. ரோஜாத் தோட்டம் வைத்திருந்த அவருடைய கணவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா கம்பெனி வேலைய உட்டே? காப்பித்தூள் மாதிரி கீது" என்றார். அதை மேடம் பல நாள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நிறுவனம் சோதனைக்கென்று கொஞ்சம் சரக்கு கொடுத்தது. கட்டி தூய்மையாக வந்தால் தொடர்ந்து வேலை. இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டிவிட்டு, பழைய இடத்தில் பழைய நாற்காலியைக் கேட்டு நிற்க வேண்டியதுதான். மூசை வாங்க பெங்களூருக்கு என்னையும் அழைத்துப் போனார். வெள்ளை மண் மூசை மலிவு. ஆனால் அதன் உள்ளே வெண்காரம் பூசிப் பளபளப்பாக்க வேண்டும். அந்தப் பூச்சில் தங்கத் துளிகள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அவருடையது மின்சார உலை, கிராஃபைட்தான் பொருத்தம் என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை. அளவில்தான் கடைக்காரர் குறுக்கே வந்தார். உருகிய உலோகம் எவ்வளவு எடை கொள்ளும் என்ற கணக்கில் மூசையை விற்பது அவர்கள் வழக்கம்.

"உங்க தங்கத்துக்கு இந்தச் சின்னதே போதும் மேடம்."

"உருகின பெறகு போதும். அதுவரைக்கும் பொடிய எங்க வெச்சிக்கறது, மடியிலயா?"

பொடி உப்பிக்கொண்டு இடத்தை அடைக்கும். பெரியதையே வாங்கினோம். புதியது, வேறு உலோகம் படாதது. ஒன்றுதான் வாங்கினோம்.

உருக்குகிற நாள் காலையில் நிறுவனத்து அதிகாரி பார்க்க வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். உலை அருகே மூசை கல்யாணப் பெண்போல உட்கார்ந்திருந்தது. சந்தனம், நடுவில் குங்குமம், காலடியில் ரோஜாக்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஈரம். புதுக் கருவியைக் கழுவிப் பொட்டு வைக்காமல் யாரும் வேலை தொடங்குவதில்லை, எங்கள் பக்கத்தில் கடைசல் இயந்திரத்துக்கே மாலை உண்டு. ஆனால் மூசை தண்ணீரை உறிஞ்சும். அப்படியே உலையில் வைத்தால் வெடித்துத் தங்கம் உலையின் அடியில் ஓடிவிடும்.

"யாரு கழுவினது?" என்றார் மேடம்.

கணவர் மூலையில் நின்றார். காப்பித்தூள் என்று கேலி செய்தவர், விடியும்முன் வந்து, தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருக்கிறார். "நல்லபடியா ஆவணும்னுதான்..." என்றார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அலமாரியில் நகைப்பட்டறைக்காரர் ஒருவர் கொடுத்த பழைய மூசை இருந்தது. "அதுலயே உருக்கிடுங்களேன் மேடம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் சார். அதுல வெள்ளி, செம்பு எல்லாம் உருக்கியிருக்காங்க. உங்க தங்கத்துல அதுவும் சேரும். இது காயட்டும், இருங்க."

ஈரம் போகும்வரை மெதுவாகச் சூடேற்றுக என்று நானே எத்தனையோ ஆவணங்களில் எழுதியிருக்கிறேன். எழுதுவது சுலபம். கடிகாரம் பார்க்கிற வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது வேறு. அதிகாரி போய்விடவில்லை. பெருந்தன்மை என்று சொல்லமாட்டேன்; பொடி அவருடையது, விட்டுப் போக முடியாது. மதியம் கணவர் வீட்டிலிருந்து களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்தார். வேண்டாம் என்ற அதிகாரி இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினார்.

வெயில் சாயும் நேரத்தில், பொடியை வடிதாளில் பொட்டலமாகச் சுற்றி மூசையில் இறக்கினார் மேடம். காகிதம் எரிந்து, பழுப்பு மெல்ல அமிழ்ந்து, திடீரென்று உள்ளே ஒரு சிறிய சூரியன் அசைந்தது. கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "அடியே" என்று மட்டும் சொன்னார். புறப்படும்போது அதிகாரி, "அடுத்த சரக்குக்குப் பொட்டை உலைக் கதவுல வெச்சிடுங்க" என்றார். அடுத்த சரக்கு என்று அவர் சொன்னதை மேடம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

இப்போது அங்கே இரண்டு உலைகள் ஓடுகின்றன. கதவுகளில் குங்குமம் உண்டு. போன வாரம் மேடத்தின் கணவர் எனக்கு போன் செய்தார். புது மூசை வந்திருக்கிறதாம், மேடம் வெளியே போயிருக்கிறாராம்.

"சார், பொட்டி பிரிக்கலாமா? கை காய்ஞ்சிதான் கீது."

பிரிக்கச் சொன்னேன். போனை வைத்தபின், அன்று குங்குமம் வைத்த அதே மூசையை என் மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பொட்டு முதல் சூட்டிலேயே போய்விட்டது. விரல் மட்டும் கறுத்தது; துடைக்கத் தோன்றவில்லை.