குழியைக் கண்டால் இறங்குகிறவன்

மழைக்காலம் வந்தால் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள் நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம். மழை இங்கே அல்ல, வடக்கே. மத்தியப் பிரதேசத்து வயல்கள் சேறாகிவிட்டால் போர்வெல் வண்டி உள்ளே இறங்காது. வண்டியை ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டிவிட்டு, ஈரோட்டுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்துத் திருச்செங்கோடு வந்து சேர்ந்தால் இரண்டு மூன்று மாதம் வீடுதான்.

முதல் வாரம் தூங்கியே கழியும். இரண்டாவது வாரம் கை பரபரக்க ஆரம்பிக்கும். வருடத்தில் முக்கால்வாசி கம்ப்ரசர் இரைச்சலில் நிற்கிறவனால் சும்மா உட்கார முடியுமா? போன வருடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினேன். அன்றிலிருந்து அது கடகடவென்று சத்தம் போடுகிறது. இந்த வருடம் ஒரு காரணமும் இல்லாமல் ஜேடர்பாளையம் போய், அணையைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துத் திரும்பினேன்.

“ஏனுங்க, செத்த நேரம் ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா? உங்களால ஊடே அதிருது” என்றாள் மனைவி.

சரி என்று உட்கார்ந்தபோது கைக்குக் கிடைத்தது மகளின் கேம் பெட்டி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அவளுடைய பிறந்தநாளுக்கு என் மச்சான் வாங்கிக் கொடுத்தது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், நாமக்கல் பக்கம் விடுதியில். மாதம் ஒருமுறை வருவாள். என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசுவாள். “சாப்புட்டீங்களாப்பா? வேலையெல்லாம் எப்படிங்கப்பா போகுது?” பக்கத்து வீட்டுக்காரரிடமும் அவள் இதையேதான் கேட்பாள்.

பெட்டியில் இருந்தது ஜப்பான்காரன் எப்போதோ செய்த பழைய கேம். கதை முழுக்க ஜப்பான் எழுத்து. எனக்குப் புரிந்தவரை, கைவிடப்பட்ட ஒரு கிரகத்தில் இரும்புச் சட்டை போட்ட ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுகிறான், தாவுகிறான், எந்திரப் பூச்சிகளைச் சுடுகிறான். அரை மணி நேரம் ஆடினேன். நிறுத்தும்போது திரையில் ஏதோ கேள்வி வந்தது, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஐயோ, அதயா தொட்டீங்க? ரெண்டு வருசமா ஆடறா. கடைசிக் கட்டத்துல நிக்கறாளாம். அடுத்த லீவுக்கு வந்து முடிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறா.”

திறந்து பார்த்தேன். கடைசிக் கட்டம் இல்லை. நான் நிறுத்திய முதல் கட்டம்தான் இருந்தது. அதன்மேல் இதைப் பதிந்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிறவன், அவள் சேர்த்து வைத்த ஒன்றையும் அழித்துவிட்டேன்.

அவள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் நானே ஆடி அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் டீ குடித்ததும் ஆரம்பித்தால் கட்டைவிரல் வீங்கும்வரை ஆடினேன். என் தொல்லை என்னவென்றால், அந்த விளையாட்டில் வழியெங்கும் குழிகள். தாவிப் போக வேண்டும். என்னால் முடியவில்லை. முந்நூறு அடியில் தண்ணீர் இல்லை என்றால் நானூறு பார்க்கலாம் என்று சொல்லியே பிழைக்கிற ஆள் நான். குழியைக் கண்டால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்படிப் போவது? ஒவ்வொன்றிலும் குதித்தேன், ஒவ்வொன்றிலும் செத்தேன், செத்த பிறகுதான் அதைத் தாண்டினேன். மனைவி சிரித்துச் சிரித்து வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு குழிக்கு அடியில் தரை இருந்தது. தண்ணீர் பீறிட்டது போலத் துள்ளினேன். அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே பதிந்தும் வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, மேலே ஏற வழியே இல்லை. மூன்று நாள் அங்கே முட்டிக்கொண்டேன். சனிக்கிழமை காலை மகள் வந்து இறங்கிவிட்டாள்.

பையை வைத்ததும் பெட்டியைத்தான் எடுத்தாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“இந்தக் குழிக்குள்ள யாருங்கப்பா எறங்குனது?”

“நாந்தான் சாமி. பழசு அழிஞ்சு போச்சு. தெரியாமப் பண்ணிட்டேன்.”

“பரவால்லைங்கப்பா” என்று சொல்லிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

அதுதான் தாங்கவில்லை. விருந்தாளி டம்ளரை உடைத்தால் நாம் சொல்கிற பரவாயில்லை அது. சும்மா விட்டிருக்கலாம். நான் விடுகிற ஆளா? “இரு, நானே எடுத்துத் தர்றேன்” என்று பெட்டியைப் பிடுங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதல் குழி வந்தது. விரல் தானாகப் போனது. குதித்தேன்.

“எறங்காதீங்க! கீழ ஒண்ணுமில்லைங்கப்பா!” பெட்டியை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். குரல் உடைந்துவிட்டது. “ரெண்டு வருசம்ப்பா. உங்களுக்கு ஒரு எடத்துல இருக்க முடியலைன்னா அதுக்கு என்ற கேம்தான் கெடைச்சுதா? நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப வரல. என்ற சீருக்கும் வரல. எல்லாரும் உங்கப்பா எங்க, உங்கப்பா எங்கன்னு கேட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

அவள் பெரியவளான சீருக்கு நான் வரவில்லை. எழுநூறு அடியில் துளையிடும் ராடு முறிந்து மாட்டிக்கொண்டது, விட்டு வர முடியவில்லை. மாமன் மாலை போட்டதைப் போனில்தான் பார்த்தேன். அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. புரிந்துகொண்டாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “என்ன பேச்சு இது? அப்பாகிட்ட இப்படியா பேசறது?”

“நீ போ, அவ பேசட்டும்” என்றேன். மகளைப் பார்த்து, “இன்னும் என்ன இருக்குது, சொல்லு சாமி” என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள்.