சனிக்கிழமை ஓய்வு

வாரத்துக்கு எண்பது மணி நேரம். ரெசிடென்சியில், அதாவது டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு மருத்துவமனையிலேயே கிடந்து சிறப்புப் பயிற்சி எடுக்கும் வருடங்களில், அதற்கு மேல் எங்களை வேலை வாங்கக் கூடாது என்பது விதி. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். ஒரே மூச்சில் இருபத்து நான்கு மணி, நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க மேலே நான்கு மணி, அவ்வளவுதான். நல்ல விதிதான், ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மணிக்கணக்கைக் கணினியில் பதிகிறவர்கள் நாங்களேதான். திங்கட்கிழமை மாலைக்குள் போன வாரத்துக்கானதை அனுப்பிவிட வேண்டும். நான் பழைய வாரத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடுவேன். அதில் சனிக்கிழமைக்கு நேராக எப்போதும் 'ஓய்வு' என்றிருக்கும்.

சனிக்கிழமை நான் ஓய்வெடுத்ததே இல்லை. எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிளினிக் வைத்திருந்த ஓர் அங்கிளிடம், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை நோயாளிகளைப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர். இந்தியாவில் படித்துவிட்டு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாமல் நான் முழித்தபோது, தான் நோயாளிகளைப் பார்க்கும்போது ஆறு மாதம் பக்கத்தில் நிற்கவிட்டுச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்தவர். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எனக்கு ரெசிடென்சியில் இடமே கிடைத்திருக்காது. "சனிக்கிழமை மட்டும் வந்து கொஞ்சம் பாத்துக்கோம்மா, எனக்கும் வயசாகுதுல்ல" என்று அவர் கேட்டபோது, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதாகப் பட்டது.

வெளியே வேலை பார்ப்பதென்றால் எங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான ப்ரோக்ராம் டைரக்டரின் அனுமதி வேண்டும். அந்த மணிகளும் அதே எண்பதுக்குள் அடங்க வேண்டும். விசாவில் வந்த என் நண்பர்களில் பலருக்கு வெளிவேலைக்கு விசாவே இடம் தராது; கணவரின் புண்ணியத்தில் எனக்கு க்ரீன் கார்ட் இருந்தது. கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்து நான் கேட்கவே இல்லை. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் வீட்டில் என்னவோ நடக்கத் தொடங்கியது. ஃப்ரிட்ஜில் நான் வாங்காத பால் இருக்கும். ட்ரையரில் விட்டு வந்த துணிகள் மடித்து அடுக்கியிருக்கும். நீங்களா என்று கணவரைக் கேட்டால், "நீதானே காலைல மடிச்ச, நான் பாத்துட்டேதானே இருந்தேன்" என்பார். வீட்டு வேலைக்குச் சம்பளமில்லாமல் ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் என்று கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஏறியது நினைவிருக்கும், எங்கள் தெருவில் திரும்பியது நினைவிருக்கும், நடுவில் யார் ஓட்டியது என்பது மட்டும் தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமையை விடச் சொல்வார்.

அந்தத் திங்கட்கிழமை, சனிக்கிழமை கிளினிக்கையும் ஞாயிறு காலை தொடங்கிய முழுநாள் டியூட்டியையும் முடித்துவிட்டு, நண்பகலுக்குச் சற்றுப் பின் மருத்துவமனையிலிருந்து கிளம்பினேன். அப்போது மகளுக்கு நான்கு வயது. டியூட்டி முடிந்து வரும் நாள்களில் நானே போய் அவளை டேகேரிலிருந்து அழைத்துக்கொள்வது வழக்கம். நல்ல வெயில், தரையெல்லாம் பனி, கண் கூசியது. டேகேர் வாசலில் இறங்கி உள்ளே போனேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏதாவது மறந்துவிட்டாயா என்று கேட்டாள். மகளை அழைத்துப்போக வந்தேன் என்றேன். அவள் சிரிப்பு மெல்லக் கரைந்தது. முக்கால் மணி நேரம் முன்பே நீ அழைத்துக்கொண்டு போய்விட்டாயே என்று சொல்லி, பெற்றோர் கையெழுத்துப் போடும் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். ஒன்று பத்து என்று நேரம். கீழே விரலால் போட்ட கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிடும் என் கையெழுத்தேதான்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மருத்துவமனை உடை என் மேல் இல்லை. வீட்டில் போடும் பழைய குர்தாவில் நின்றிருந்தேன். காலில் வீட்டுச் செருப்பு. தலைமுடியைத் தொட்டால் ஈரம். குளித்திருக்கிறேன்.

அவளிடம் என்ன உளறினேன் என்று தெரியவில்லை. வீடு பத்து நிமிடத் தொலைவுதான், அந்தப் பத்து நிமிடத்தின் ஒவ்வொரு சிக்னலும் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. வாசல் கதவு பூட்டாமல் கிடந்தது.

மகள் மாடிப்படியின் கீழ்ப்படியில் கோட்டும் பூட்ஸுமாக உட்கார்ந்திருந்தாள். கையில் உரித்த வாழைப்பழம், கடிக்காமல் கறுக்கத் தொடங்கியிருந்தது. அவளை வாரி எடுத்தேன். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. நடந்ததைத் தன் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா வந்து கூட்டி வந்தாளாம். பழம் உரித்துத் தந்தாளாம். குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் டைப் அடித்தாளாம். இவள் கூப்பிட்டும் திரும்பவில்லையாம், ஒரு வார்த்தை பேசவில்லையாம், பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். "நீதான் அம்மாவா?" என்பதை மட்டும் தமிழில் கேட்டாள்.

கணவருக்கு ஃபோன் செய்தேன். அவர் அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்டார். மகளை மடியில் வைத்தபடியே கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரையில் எங்கள் மணிக்கணக்குப் பக்கம் திறந்திருந்தது. வாரம் முழுவதும் பதிந்து, ஒன்று முப்பத்திரண்டுக்கு என் பெயரில் அனுப்பப்பட்டிருந்தது. மணிகளெல்லாம் சரி. சனிக்கிழமைக்கு நேராக 'ஓய்வு'. பெற்ற பிள்ளையை வீட்டில் விட்டதை மறந்தவள் அந்தப் பொய்யை மறக்கவில்லை.

அன்றே அங்கிளைக் கூப்பிட்டேன். "இனிமே சனிக்கிழமை என்னால வர முடியாது அங்கிள்" என்றேன். "நாங்கல்லாம் இப்படித்தாம்மா வந்தோம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னை அழைத்ததில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான் இருக்கிறது, இன்னும் ஆறவில்லை.

பதிவைத் திருத்தி, விட்டுப்போன சனிக்கிழமைகளையெல்லாம் சேர்த்து அனுப்பினேன். டைரக்டர் கூப்பிட்டுவிட்டார். குரலை உயர்த்தவில்லை. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது, வெளிவேலை அறவே கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். அத்தனையும் எனக்கு வேண்டியதுதான். கடைசியாக, திங்கட்கிழமை மதியம் பொய்யான பதிவை அனுப்பியது நீதானா என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறென்ன சொல்வது?

மகளுக்கு இப்போது ஏழு வயது. பள்ளி வாசலில் காரை நிறுத்தினால் ஓடி வந்து கதவைத் திறப்பாள். உடனே ஏற மாட்டாள். "சே சம்திங், அம்மா" என்பாள். மதியம் என்ன சாப்பிட்டாய், கையெல்லாம் ஏன் பெயின்ட் என்று நான் ஏதாவது கேட்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்துவிட்டு ஏறி பெல்ட்டைப் போடுவாள். விளையாட்டு என்று கணவர் நினைக்கிறார்.

போன வாரம் நான் ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன். அவள் கேட்டது காதில் விழுந்து, பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கார்க் கதவு சாத்தியிருந்தது. அவள் டீச்சரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள்.