இன்பமணியின் புறங்கை

எந்தக் கதவையும் திறப்பதற்கு முன் இன்பமணி அதைப் புறங்கையால் தடவிப் பார்க்கிறார். பிரிட்ஜ் கதவானாலும் சரி, லிப்ட் கதவானாலும் சரி, தேராவில் என் ஆபீஸின் கண்ணாடிக் கதவானாலும் சரி. காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல விரல்களின் பின்பக்கத்தை மெல்ல ஓட்டுவார். கொஞ்சம் காத்திருப்பார். அதற்கப்புறம்தான் பிடி.

மனிதர்களுக்கும் இதே மரியாதைதான். நாம் கை கொடுத்தால் அவர் மணிக்கட்டை நீட்டுவார். முதல்முறை என் ஆபீஸ் ஹீட்டரைப் பார்க்க வந்தபோது, நான் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. என்ன திமிர் இந்த ஆளுக்கு என்று உள்ளுக்குள் பொருமினேன். பிறகு விசாரித்ததில் பாகிஸ்தானி மேஸ்திரியோ அரபி முதலாளியோ, ஒருத்தருக்கும் அந்த உள்ளங்கை கிடைத்ததில்லை என்று தெரிந்து சமாதானமானேன்.

ஊர் கடியபட்டணம். கடற்கரையில் பிறந்து கடல் பிடிக்காமல் ஐ.டி.ஐ. படித்தவர். இங்கே எமிரேட்ஸில் குளிர்காலம் வந்துவிட்டால் அரபிக் குடும்பங்கள் சக்கரம் வைத்த வீடுகளைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடும். கேரவன் என்பார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. கட்டிலுக்கடியில் வெந்நீருக்கு ஒரு சின்னத் தொட்டி, அதற்குள் தண்ணீரைச் சூடாக்க ஒரு கரண்ட் காயில். அந்தத் தொட்டி மக்கர் பண்ணினால் இன்பமணிக்குப் போன் வரும். அடக்கமெல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. "கேரவன் ஹீட்டர்னா எமிரேட்ஸ்ல ஒரே ஆளுதான் சாரே, அது நானாக்கும்" என்று அவரே அறிமுகம் செய்துகொள்வார். காரில் எப்போதும் ஒரு பாட்டில் நெத்திலி ஊறுகாய் இருக்கும். குபூஸ் ரொட்டியில் அதைத் தடவித் தின்றபடி ஓட்டுவார். அந்த வாசனைக்கு ஈடு கொடுக்க முடியாதவர்கள் அவருடன் பயணம் போகாமலிருப்பது நல்லது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆளில்லாத கேரவனுக்குள் நுழையும் முன்பு கதவைத் தட்டி, "ஆளுண்டா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். பூட்டிக் கிடந்த வண்டிதானே, யாரைக் கேட்கிறீர்கள் என்றேன் ஒருநாள்.

"கட்டின வீடு மாதிரி இல்ல, கேட்டியளா. சக்கரம் வெச்ச வீடு. எங்கெல்லாம் கெடந்துதோ, எவனெல்லாம் ஒறங்கினானோ."

யாராவது எப்போதாவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று விளையாட்டாகக் கேட்டு வைத்தேன். அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கார் ரேடியோவைப் போட்டுவிட்டார். கேட்டது என் தப்பு.

சென்ற ஜனவரியில் ஒரு விடுமுறை நாள். இவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லியிருந்ததால், விடியும் முன்பே வந்து என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். சுவைஹான் பக்கம் ஓர் ஒட்டகப் பண்ணை. அங்கே காவலுக்கும் ஒட்டகங்களுக்கும் இருக்கிற உடையப்பன் போன் செய்திருந்தான். பண்ணை முதலாளியின் கேரவன் அவன் கையைப் பிடிக்கிறதாம்.

"ஷாக்கா?" என்றேன்.

"அவன் ஷாக்குன்னு சொல்லல. பிடிக்குதுன்னுதான் சொன்னான்."

எனக்குப் பேய் பயம் உண்டு. ஐம்பது வயதில் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? போதாக்குறைக்கு வழியெல்லாம் மூடுபனி. ரோடு, மணல், வானம் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. திடீரென்று ஓர் ஒட்டகத் தலை மட்டும் கண்ணாடிக்கு வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. இன்பமணி நிம்மதியாக நெத்திலி மென்றார்.

உடையப்பன் காளையார்கோவில் பக்கத்து ஆள். முப்பதைத் தொடும் வயது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பனிக்குள் நின்றிருந்தான். கேரவன் அவனுக்கு ரொம்பப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது. பேசும்போதும் அதற்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டிலேயே நின்றான்.

அவன் சொன்னது இதுதான். காலையில் பண்ணையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கேரவனைக் கூட்டப் போவான். உள்ளேயிருந்து யாரோ மூன்று தட்டு தட்டுவார்கள். இவன் கைப்பிடியைத் தொட்டதும் பிடித்துக்கொள்வார்கள். போன வாரம் காலை உதைத்துக் கீழே விழுந்துதான் பிய்த்துக்கொண்டானாம். முதலாளியும் அவர் மகனும் வந்து இதே கைப்பிடியைத் திருகித் திறந்தார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. முதலில் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள். இன்று மத்தியானம் முதலாளி வருகிறார். உடையப்பன் தன் கையால் கதவைத் திறந்து உள்ளே போய் அரபிக் காப்பி, காவா போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கலாஸ், கதை முடிந்தது, விசா கேன்சல்.

"ஊருக்குப் போறதப் பத்தி ஒண்ணுமில்லண்ணே. பைத்தியம்னு பேரோட போனா எனக்கு ஆரு பொண்ணு குடுப்பாக? ஆனா உள்ள ஆளு இருக்காகண்ணே. சத்தியமா இருக்காக."

இன்பமணி சிரிக்கவில்லை. போய்க் கதவைத் தட்டி, "ஆளுண்டா?" என்றார். பனியில் அந்தக் குரல் தூரம் போகாமல் பக்கத்திலேயே விழுந்தது. புறங்கையால் தகரத்தை நீளமாகத் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். வழவழவென்று ஜில்லென்று இருந்தது, வேறொன்றுமில்லை. உள்ளே போய்க் கட்டிலைத் தூக்கி ஹீட்டரில் மீட்டரை வைத்தார். அதிலும் ஒரு குறையுமில்லை. உடையப்பனின் முகம் செத்துவிட்டது. பயத்தில் நேற்றே வெளியிலிருக்கும் கேரவன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டதாக அப்போதுதான் சொன்னான்.

"பின்ன எப்படித் தெரியும்? குளுந்து கெடக்கும்போ ஹீட்டர் பொய் சொல்லும்" என்று வெளியே வந்து பிளக்கைச் செருகிவிட்டு மணலில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். சூடேறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான், நான் கேட்காமலே, புறங்கை சமாச்சாரத்தைச் சொன்னார்.

"எனக்க சித்தி மவன் யேசுராஜ். ராஸ் அல் கைமாவுல நாங்க ஒரே ரூம். குளிச்சிட்டு ஈரத்தோட வந்து ஒரு கேரவன் கதவப் பிடிச்சான். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தான் சாரே. வாயி தொறந்திருக்கு, சத்தம் வரல. கை மட்டும் விடல."

உள்ளங்கையில் கரண்ட் பாய்ந்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கையில் பாய்ந்தால் கை தானாக உதறிக்கொண்டு வந்துவிடும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் கொண்ட பழைய பொருமலுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

டக்.

கேரவனுக்குள்ளிருந்து வந்தது. உடையப்பன் எழுந்துவிட்டான். மறுபடி டக். கொஞ்சம் விட்டு மறுபடி. யாரோ உள்ளே விரல்முட்டியால் தட்டுகிற சத்தமேதான். சூடேறினால் தொட்டித் தகரம் விரியும், அந்தச் சத்தம்தான், வேறொன்றுமில்லை என்று இன்பமணி அலட்சியமாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு எங்களைப் படியருகே ஈர மணலில் கால் வைக்கவே கூடாது என்று எச்சரித்து, புறங்கையால் மறுபடி தகரத்தைத் தடவச் சொன்னார். ஆத்தாடி! சற்று முன் வழவழவென்றிருந்த அதே இடம் இப்போது மாட்டு நாக்குபோலச் சொரசொரத்தது. அவர் போய் சுவிட்சை அணைத்தார், வழவழவென்றானது. போட்டார், சொரசொரத்தது. நான் கையை இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன். இன்பமணியின் முகத்தில் மட்டும் சந்தோஷம்.

நேராக வண்டிக்குப் பின்னால் போனார். கேரவன் உடம்பில் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் இறங்கிப் போக, போன வருஷம் அவரே அங்கே ஓர் எர்த் கம்பி அடித்திருந்தார். காய்ந்த மணலில் கரண்ட் இறங்காது. அதனால் தினமும் ஒரு வாளி உப்புத் தண்ணீர் அந்தக் கம்பியடியில் ஊற்ற வேண்டும் என்று உடையப்பனிடம் சொல்லியிருந்தார். இப்போது கையால் தோண்டினார். முழங்கை ஆழத்துக்கும் பொடி மணல்.

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ஊற்றவில்லை. ஒருநாள்கூட ஊற்றவில்லை.

"மண்ணுல உப்பு ஊத்தச் சொல்றீகளேண்ணே. எங்க பக்கம் பகையாளி நெலத்துக்குக்கூட அதச் செய்ய மாட்டாக. கை வரல. அதான் நல்ல தண்ணியாவே இதுக்கு ஊத்துனேன்."

கதவுப் படியருகே அவன் காட்டிய இடத்தில் ஒரு முருங்கைப் போத்து நின்றது. நாலு இலை விட்டிருந்தது. அதைச் சுற்றி மணல் கறுத்து நனைந்திருந்தது. தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுதான் கைப்பிடியைத் தொட்டிருக்கிறான். முதலாளியும் மகனும் ஷூ போட்டவர்கள்.

"மண்ணுக்குப் போக வேண்டியது ஒனக்க வழியாப் போச்சு, மக்கா" என்றார் இன்பமணி. திட்டவேயில்லை. கடற்கரைக்காரனுக்கு உப்புவெள்ளம் பாவமாகத் தோணாது, சொல்லும்போது அதை யோசித்திருக்க வேண்டும் என்று என்னிடம் முணுமுணுத்தார்.

திட்டுகளையெல்லாம் வேறொருவனுக்கு வைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காயிலை வெளியே எடுத்தால், அதன் உறை நெடுக வெடித்திருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பும் முன்பே யாரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். கசிவு கண்டதும் விழுந்து காப்பாற்ற வேண்டிய பிரேக்கர் அடிக்கடி விழுகிறதென்று, அதையும் தாண்டி வயரை நேராக முறுக்கி விட்டிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத ஆளைக் கடியபட்டணத்துப் பாஷையில் அவர் வாழ்த்தியதைப் பத்திரிகையில் போட முடியாது.

புதுக் காயில் மாட்டினார். பிரேக்கரைச் சரியாக இணைத்தார். எர்த் கம்பியைப் பிடுங்கி, முருங்கைக்குப் பக்கத்து ஈரத்தில் அடித்து இறக்கினார். இனி உப்பு வேண்டாம், செடிக்கு ஊற்றுகிற தண்ணீரே போதும் என்றார். பிளக்கைச் செருகி, தகரத்துக்கும் ஈர மணலுக்கும் நடுவில் மீட்டரை வைத்துக் காத்திருந்து பார்த்தார். சூடேறிய பிறகும் முள் அசையவில்லை.

பனி விலகத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ஒரு வெள்ளை வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு பண்ணைப் பாதையில் திரும்பியது. முதலாளி சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார்.

"போ மக்கா, தொற" என்றார் இன்பமணி.

உடையப்பன் படிவரை வந்தான். கை நீண்டது, பாதியில் நின்றது. புரிகிறதுண்ணே, எல்லாம் புரிகிறது, ஆனால் கை போகமாட்டேன் என்கிறது என்றான். புழுதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவனைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது, நானே போய்த் தொடத்தான் தைரியமில்லை.

இன்பமணி ஷூவைக் கழற்றினார். காலுறையை உரித்து அதற்குள் செருகினார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு, முருங்கையடி ஈரத்தில் வெறுங்காலோடு ஏறி நின்றார். வலது கையைத் திருப்பினார். வெயில் படாத, வெளுத்த உள்ளங்கை. கைப்பிடியின் மேல் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுகப் பிடித்தார்.

உள்ளேயிருந்து டக் என்றது.

அவர் கண்ணை மூடினார். கையை எடுக்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்து உடையப்பன் பக்கம் நீட்டினார்.