முனியாண்டியின் கோணல் வாய்

கருங்கல்லில் தேங்காய் சிதறும் சத்தத்தைக் கேட்டே, உடைத்தவர் வேண்டுகிறாரா சபிக்கிறாரா என்று சொல்லிவிடும் காது சின்ன வயதில் எனக்கு இருந்தது. வேண்டுதல் தேங்காய் 'டொக்'கென்று அடக்கமாக உடையும். சாபத் தேங்காயோ தலைக்குமேல் ஓங்கி அடிக்கப்படுவதால் வெடி போட்டதுபோலச் சிதறும். அதன் தண்ணீர் நம் முகத்தில் தெறிக்கும், பின்னாலேயே வசவும் தெறிக்கும். பதுளையில் பஸ் ஏறி, மலையைச் சுற்றிச் சுற்றி எந்த இடத்தில் வாந்தி வருகிறதோ அந்த இடத்தில் இறங்கினால் எங்கள் தோட்டம். பொலிஸ் தொலைவில் இருந்தது. 'ஸ்டோர்' என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், பலாமரத்தடியில் முனியாண்டி பக்கத்திலேயே இருந்தார். ஆகவே களவு வழக்குகள் எல்லாம் அவரிடமே போயின.

அந்த ஆண்டு அம்மா உடைத்தது சாபத் தேங்காய். காரணம் நான். மஞ்சள் காமாலையில் நான் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் முனிக்கு ஒரு சேவல் என்று அவள் நேர்ந்திருந்தாள். என் உயிரை ஒரு முழுச் சேவலுக்கு ஈடாக வைத்தாள். அதற்குப் பிறகு அவ்வளவு உயர்வாக என்னை யாரும் மதிப்பிட்டதில்லை. நான் பிழைத்தேன், சேவலும் கொழுத்தது, திருவிழா நெருங்கிய ஒரு காலையில் பார்த்தால் கூடு காலி. முதலில் தேடிப் பார்க்கலாம் என்ற யோசனை, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் யாருக்கும் வருவதில்லை. அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல், நேராக முனியிடம் போய், "எம் புள்ளைக்கு நேந்த சேவல எடுத்தவன் எவனா இருந்தாலும், திருநாளுக்குள்ள அவன் வாயி கோணிப் போகணும் சாமி!" என்று தேங்காயை அடித்தாள்.

மறுநாள் விடிந்தபோது அப்பாவின் இடது கன்னம் பணிஸ் ரொட்டி போல உப்பி, வாய் வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தது.

வெகுநாளாக அவரைத் தின்றுகொண்டிருந்த சொத்தைப் பல், வீங்குவதற்கு வேறு நாள் பார்க்கவில்லை. ஆனால் பல் என்ற விளக்கத்தை லயம் ஏற்கவில்லை. பக்கத்துக் காம்பரா செல்லம்மாக்கா பீலியடியில் தண்ணீர் பிடித்தபடியே, "என்னா அண்ணே, சேவக் கறியில எலும்பு கூடவோ?" என்றாள். "பல்லு!" என்று அப்பா சொல்ல முயன்றது, வாய் நிறையக் கறி வைத்திருப்பவர் பேசியதுபோலவே கேட்டது. அம்மா பாய்ந்தாள்.

"சாமிக்கு நேந்தத எம் புருசன் தொடுவாராடி?"

"தொட்டதுனாலதானே வாயி போச்சு!"

சாபத்தைத் திரும்பப் பெறவும் வழி இருந்தது. உடைக்காத முழுத் தேங்காய் ஒன்றை முனியின் காலடியில் வைத்து, 'சொன்னத மறந்துரு சாமி' என்றால் போதும். ஆனால், வைத்தால் புருஷன்தான் கள்ளன் என்று அவளே ஊருக்குச் சொன்னதாகிவிடும். வைக்காவிட்டால் வாய் நேராகாது. முந்தானையில் தேங்காயை முடிந்துகொண்டு கோயிலுக்குப் பாதி வழி போவதும் திரும்புவதுமாக அவள் அலைந்தாள்.

அப்பாவுக்கு இழப்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்று. வருடம் முழுக்க ஸ்டோர் அடுப்புக்கு விறகு தள்ளும் அவர்தான், திருவிழாவுக்கு முன்தினம் முனியாண்டிக்கு வர்ணம் பூசி, கடைசியில் கருவிழி வைத்துக் 'கண் திறப்பவர்'. அன்று ஒரு நாள் மட்டும் கங்காணியும் அவரை 'ஐயா' என்பார். "கள்ளன் கையால சாமிக்குக் கண்ணு தெறக்கிறதா?" என்று இப்போது பேச்சு கிளம்பியது. எங்கள் தோட்டத் தலைவர் எந்தச் சுமையையும் அடுத்தவர் தலைக்கு மாற்றுவதில் தேர்ந்தவர். "அவரே பூசட்டும். கள்ளன்னா கை நடுங்கும். முனி பாத்துக்கும்" என்று முடித்துவிட்டார்.

கை நடுங்குமா என்று பார்க்க மொத்தத் தோட்டமும் திரண்டது. அப்பா கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். மீசை கம்பீரமாக வந்தது. உதட்டுக்குச் சிவப்பைத் தொட்டு இழுத்தபோது பல் ஒரு குத்துக் குத்தியிருக்க வேண்டும். கை வெட்டி இழுத்தது. முனியாண்டியின் வாய் ஒரு பக்கமாகக் காதை நோக்கி ஏறி நின்றது.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, முழுத் தேங்காயோடு முன்னால் வந்தாள். அவள் குனியும்போது பலாமரத்தின் மேலிருந்து, 'கொக்கரக்கோ!'

எங்கள் சேவல்தான். பொத்தென்று இறங்கி, கூட்டத்தைச் சட்டை செய்யாமல், கல்லடியில் சிதறிக் கிடந்த சாபத் தேங்காய்ச் சில்லுகளைக் கொத்தத் தொடங்கியது. தன்னைத் திருடியவனுக்கு விட்ட சாபத்தைத் தின்றே அது இத்தனை நாளும் பசியாறியிருக்கிறது.

பூசாரி சேவலைப் பார்த்தார். பிறகு சிலையைப் பார்த்தார். அம்மாவைக் காட்டி, "அந்தப் புள்ள என்னா கேட்டுச்சு? சேவல எடுத்தவன் வாயி கோணணும்னுதானே? சேவல் யாருகிட்ட இருந்துச்சு?" என்றவர் முனியின் முகத்தை நோக்கிக் கை நீட்டினார். "இப்ப யாரு வாயி கோணியிருக்கு, நல்லாப் பாருங்க!"

மலையே சிரித்தது. சிரித்தால் வலிக்கும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அப்பாவும் சிரித்தார். "எறங்காதீங்க அண்ணே, கண்ண தெறந்துட்டே எறங்குங்க!" என்று முதலில் கத்தியது செல்லம்மாக்காதான்.

வாயைத் திருத்த யாரும் விடவில்லை. சாமிக்குக் கிடைத்த தண்டனையைக் குறைக்க நாம் யார்? தானாக நடந்து வந்ததை வெட்டக்கூடாது என்று பூசாரி சொன்னதால் சேவலும் தப்பியது. பல் மட்டும் பதுளை ஆஸ்பத்திரியில் உயிரை விட்டது. பிற்காலத்தில் கர்மவினை பற்றிய தடித்த நூல்களைத் திறந்து அவற்றின்மேலேயே தூங்கியிருக்கிறேன். தன் மேலேயே தீர்ப்பை நிறைவேற்றிக்கொண்ட நீதிபதி எதிலும் வரவில்லை.

சென்ற திருவிழாவுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா இல்லை, பலாமரம் இல்லை, ஸ்டோர் மூடிக் கிடக்கிறது, சேவல் பலியும் நின்றுவிட்டது. டைல்ஸ் பதித்த மண்டபத்தில் புதிய முனியாண்டி பளபளவென்று நின்றார். வாய் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா, வேண்டிக்கிறியா?" என்றேன்.

"நான் இன்னும் அந்தச் சாபத்த திரும்ப வாங்கவே இல்லையேடா," என்றாள். "யாரைக் கேட்டு இவனுங்க நேராக்குனானுங்க?"